சிவஞானமும் வெளுத்த செவுளும்

வேலை தேடுகிறவன் பாடு ஒரு பங்கு என்றால், அவனுக்கு வழி சொல்ல ஒப்புக்கொண்டவன் பாடு இரண்டு பங்கு என்பது அகப்பட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் பாம்பன் பக்கம் ஒரு சிறிய கடலாய்வுக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் கல்லூரி வாத்தியார் வேலைதான் கனவு. கல்லூரிகளிலோ இடமில்லை. வெளியே வேலை பார்த்துக்கொடுக்கும் பொறுப்பை டைரக்டர் என் தலையில் கட்டினார்.

எட்டுப் பக்கம்

சிவஞானம் கமுதிக்காரர். மூன்று வருடமாக மீனின் செவுளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தைக்குள் வேலை கிடைக்காவிட்டால் மிளகாய்க் காட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவருடைய அய்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராமேஸ்வரத்தில் மீனை ஐஸ் போட்டு ரயிலேற்றும் ஒரு கம்பெனிக்கு, மீன் தரம் பார்க்கும் வேலைக்கு எழுதிப் போடச் சொன்னேன். எட்டுப் பக்கம் எழுதினார். அதில் ஏழு பக்கம் செவுள். நானும் படித்துவிட்டு பேஷ் என்றேன். மேனேஜர் ராவுத்தர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அதெல்லாம் சரி சார், தம்பி விடியக்காலம் எந்திரிப்பாரா?"

எதை வாங்கலாம்?

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். ராவுத்தர் இரண்டு பாரை மீனைப் பலகையில் போட்டு, செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் செவுள் நல்ல சிவப்பு, மற்றதில் வெளுத்திருந்தது. எதை வாங்கலாம் என்று கேட்டார். சிவஞானம் யோசிக்கவே இல்லை, வெளுத்ததைக் காட்டினார்.

சிவப்புச் செவுள் புது மீன், வெளுத்தது பழசு என்பது கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சிவஞானம் வீடோ சுத்த சைவம். மீனை அவர் பார்த்ததெல்லாம் நான் எடுத்துக்கொடுத்த ஃபார்மலின் பாட்டில்களில்தான். அந்த மருந்தில் ஊறினால் எல்லாச் செவுளும் வெளுத்துத்தான் இருக்கும். தப்பு என்னுடையது, வெட்கமாக இருந்தது. ராவுத்தர் சிரிக்கக்கூட இல்லை. "சார், இவரு இம்புட்டு நாளா மீன எங்கன பாத்தாரு?"

பத்து நாள்

கெஞ்சிப் பத்து நாள் தவணை வாங்கினேன். தினமும் விடிகாலையில் சிவஞானம் மூக்கில் கைக்குட்டையோடு பாம்பன் கரையில் நின்றார். மீன் விற்கும் அந்தோணியம்மாள் ஒவ்வொரு செவுளாகத் திறந்து காட்டினார். நான்காம் நாள் கைக்குட்டை காணாமல் போயிற்று.

பதினோராம் நாள் ராவுத்தர், அன்று காலையில் தாமே பார்த்து வாங்கிய கூடையை முன்னால் வைத்தார். சிவஞானம் அதிலிருந்து இரண்டு மீனை ஒதுக்கினார். இரண்டிலும் செவுள் சிவப்புதான். இதற்கென்ன கேடு என்றார் ராவுத்தர். சிவஞானம் செவுளைத் தண்ணீரில் அலசினார். சிவப்பு கரைந்து அடியில் வெளுப்பு தெரிந்தது. "ரத்தத்தப் பூசியிருக்காங்க சார். நல்ல மீனுன்னா இந்த இழை தனித்தனியா நிக்கும், இது ஒட்டிக்கெடக்கு. ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

ராவுத்தர் மீனையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கே வந்துருங்க தம்பி. அந்தக் காயிதத்துல பொட்டலம் கட்டிட்டோம், வரும்போது இன்னொன்னு எழுதிட்டு வாங்க."

இப்படி எத்தனையோ பேரை வெளியே அனுப்பிவைத்த நான், வெளியே போக எனக்கு வழி சொல்ல ஆளில்லாமல், அதே ஃபார்மலின் வாசனையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன்.