முனிக்கு வைத்த சீமைச் சுருட்டு

சம்பந்தி துபாயிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு சுருட்டு கொண்டுவந்தார். ஒன்றே ஒன்று. இடுப்பில் தங்கக் காகிதம் சுற்றி, கண்ணாடிக் குழாய்க்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. அதை எப்படி மதிப்பிடுவது என்று வகுப்பே எடுத்துவிட்டார் மனுஷர். காதோரம் வைத்து உருட்ட வேண்டுமாம், சரசரக்கக் கூடாதாம். பிறகு முகர வேண்டுமாம். "தேன் வாசம் வருதா? கொக்கோ? கடைசியில லேசாத் தோல் வாசம் வரணுமே?" என்றார். தோல் வாசத்துக்குச் செருப்புக் கடைக்குப் போனால் போதாதா என்று வாய்வரை வந்தது. பெண் கொடுத்த இடம், விழுங்கிக்கொண்டேன்.

எனக்குத் தேனும் வரவில்லை, கொக்கோவும் வரவில்லை. வந்தது எஞ்சின் எண்ணெய் வாசம். இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில், தொண்ணூறுகளில் நான் கிளாக்கராக இருந்த நாட்களின் வாசம் அது. எஞ்சின் அறைக்குப் பின்னால் ரோதைமுனி இருந்தார். ரோதை என்றால் மெஷின் சக்கரம்; அதில் ஆட்களின் கை சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கோயில் கீயில் எதுவும் கிடையாது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பிளவு விழுந்த ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம், அவ்வளவுதான். எஞ்சின் டிரைவர் செல்லையா அண்ணன்தான் பூசாரியும். காலையில் முனிக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்து அந்தப் பிளவில் சொருகிவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவார்.

முனியின் சுருட்டுக்குத் தனி லட்சணம் உண்டு. மனித வாய் படக்கூடாது, எச்சில். கற்பூரத்தில் காட்டித்தான் பற்றவைக்க வேண்டும். யாரும் இழுக்காமலே அடிவரை தானாக எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் முனி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அர்த்தம். சாம்பல் வெள்ளையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் எங்களுக்கு விபூதி. ஆக, வாய்க்கு ருசியான சுருட்டு முனிக்கு ஆகாது. நன்றாகக் காய்ந்து, நெகிழச் சுற்றிய மட்டரகம்தான் அவருக்கு முதல் ரகம். யுத்தத்தில் வடக்குப் பாதை மூடிக் கிடந்த காலம், யாழ்ப்பாணச் சுருட்டு குதிரைக்கொம்பு. டவுன் கடை முஸ்லிம் நானாவிடம் போய் நல்ல சுருட்டாகக் கேட்டால், "ஆளுக்கா, சாமிக்கா?" என்பார். ஆளுக்கான ரகத்தை நானும் ஒருமுறை குடித்துப் பார்த்தேன். வாந்தியில் தேயிலைச் சாக்கு ஒன்று வீணானதுதான் மிச்சம்.

அப்போது தோட்டத்து உதவி அதிகாரியாக, புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். சிங்கள இளைஞர். தொழிலாளிகளையும் "நீங்க" என்று கூப்பிட்டதால் முதலில் எல்லாருக்கும் அவர்மேல் சந்தேகம். அவருடைய நோனாவுக்கு, அதாவது மனைவிக்கு, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. மூன்றாவதாக உண்டாகியிருந்தபோது, பங்களாவில் வேலை செய்த பெண்கள் முனியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலையில் துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு முனிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் கண்ணாடிக் குழாய்.

"செல்லையா, இது வெளிநாட்டு ஆள் ஒருத்தர் எனக்குத் தந்தது. பெரிய விலை. அனே, சாமிக்குக் குடுக்க ஏலுமா? புள்ள நல்லபடியா வரணும்."

அண்ணன் வாங்கி அமுக்கிப் பார்த்தார். "நனைஞ்ச வெறகாட்டம் இருக்கு தம்பி, எரியுமா?" என்று என் காதில் கிசுகிசுத்தார். துரையின் முகத்தைப் பார்த்தபின் வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கற்பூரத்தில் காட்டினார். பற்றியது. கல்லில் வைத்தார். அணைந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் அணைந்தது. உயர்ந்த சுருட்டு இழுக்க ஆளில்லாவிட்டால் அணைந்துவிடும், அதன் மூடிய தலையை வெட்டிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் சம்பந்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முனி வேண்டாம் என்கிறார். தேயிலைத் தூள் அரிக்கும் பெண்கள் "ஐயோ முனியப்பா" என்று வாயில் கைவைத்தார்கள். சின்னத்துரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.

செல்லையா அண்ணன் சட்டென்று சுருட்டின் மூடிய நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு வாயில் வைத்தார்.

"எச்சிண்ணே!" என்று கத்தினாள் அரிக்கிற ராசம்மா.

"புள்ள வரம் கேக்குறப்ப எச்சி பாத்தா அது என்னா சாமி?" என்றார்.

முனிக்கு ஒரு வாய், அண்ணனுக்கு ஒரு வாய். தணல் மங்கும்போதெல்லாம் எடுத்து இழுத்துவிட்டு, திரும்பக் கல்லில் வைப்பார். வெற்றிலை தவிர வேறு பழக்கமில்லாத மனுஷர். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தத் தடியன் சுருட்டு லேசில் தீருவதாகவும் இல்லை. எஞ்சின் இன்னும் கிளம்பவில்லையே என்று ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கூச்சல் போட்டார், யாரும் காதில் வாங்கவில்லை. சாம்பலை மட்டும் சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு வெள்ளை. அதைக் காகிதத்தில் மடித்துத் துரையிடம் கொடுத்து, "நோனா நெத்தியில பூசுங்க. நான் கேட்டுட்டேன், தருவாரு" என்றார். துரை அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு போனார்.

பிள்ளை மாதம் நிறையுமுன்னே பிறந்தது. மூச்சு இருக்கவில்லை.

தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வாய்கள் சும்மா இருக்குமா? எச்சில் சுருட்டு வைத்தால் முனி விடுவாரா என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் காதிலும் விழுந்தது. வழக்கம்போல வந்தார், வழக்கம்போல முனிக்கு வைத்தார்.

சில நாள் கழித்துச் சின்னத்துரை வந்தார். கல்லைத் தூக்கி ஆற்றில் போடுவாரோ, அண்ணனை வேலையை விட்டே நிறுத்துவாரோ என்று நாங்கள் பயந்தோம். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டார்.

"செல்லையா, ஆட்கள் பேசுறது கேட்டேன். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. சாமி மேலயும் இல்ல."

அண்ணன் கையில் அன்றைய சுருட்டு இருந்தது, இன்னும் பற்றவைத்திருக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இருக்குங்க தொரை" என்றார்.

சுருட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் எஞ்சினைக் கிளப்பினார். அதற்குப் பிறகு அவர் முனிக்குச் சுருட்டு வைக்கவேயில்லை. வை என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

துரை மாற்றலாகிப் போனார். பிறகு ஃபேக்டரியையும் மூடி, ரோதைகளைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது இறப்பர் கன்று. செல்லையா அண்ணனும் போய்ச் சேர்ந்தார். கல் என்ன ஆனதென்று விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் கோபுரம் வைத்துக் கோயில் கட்டியிருக்கிறார்கள், கூட்டத்துக்கும் குறைவில்லை. அடுத்தவன் பிள்ளைக்காகத் தன் சாமியோடு பேச்சை நிறுத்திக்கொண்ட ஓர் ஆளைத்தான் அதன் பிறகு நான் பார்க்கவில்லை.