அறுபத்தொன்றாவது பிள்ளை

மாரிசெல்வி டீச்சருக்கு அந்த ஆண்டு தேவைப்பட்டது ஒரே ஒரு பிள்ளை. சங்கரன்கோவிலில் அவள் வேலை பார்க்கும் அரசு தொடக்கப் பள்ளியில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேருக்கு இரண்டு ஆசிரியர் போதும். அறுபத்தொன்றாவது பிள்ளை வந்து உட்கார்ந்த மாத்திரத்தில்தான் இருவருக்கும் மூச்சு முட்டும் என்பது அரசாங்கத்தின் கண்டுபிடிப்பு. மூன்றாவது ஆசிரியர், கடைசியாக வந்து சேர்ந்த மாரிசெல்வி. ஆகஸ்ட் முதல் தேதி தலை எண்ணும்போது ஒன்று குறைந்தால் அவள் உபரி. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள்.

ஆகவே ஜூலை வெயிலில், ஓட்டுக் கேட்கும் வேட்பாளர் தோற்றுப்போகும்படி விசைத்தறித் தெருவில் வீடு வீடாகக் கும்பிட்டு வந்தாள். வேன் வைத்திருக்கும் பள்ளிக்காரர்கள் ஏற்கெனவே வாரிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி வீட்டில் ஷிரின் பானு தறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"எம்மவன் வாசிம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்ல மூணாப்பு படிக்கான் டீச்சர். லாரிக்கு நடுவுல கொண்டு விட்டுட்டு வாறதுக்குள்ள உசுரு போவுது. ஆனா, அங்கன காளிராஜ் சார் தங்கமான மனுசரு."

அந்தத் தங்கம் எத்தனை மாற்று என்பது மாரிசெல்விக்குத் தெரியும். அவர் அவள் கணவர். தினமும் சாப்பிடும்போது, "எங்க ஸ்கூல்ல எழுபது புள்ளைய, உக்கார எடமில்ல. உங்க கடை எப்படி ஓடுது?" என்று விசாரிப்பவர். எழுபதில் ஒன்று போனால் யார் நாற்காலியும் ஆடாது என்று கணக்குப் போட்டாள்.

"இங்கன சேருங்கம்மா. சார்ட்ட நான் சொல்லுதேன்."

சொன்னபோது காளிராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

"எழுபதுல ஒண்ணத் தர மாட்டியளாக்கும்?"

"ஒண்ணு என்னட்டி ஒண்ணு? ரெண்டா வேணும்னாலும் கூட்டிட்டுப் போ."

பள்ளியில் கம்ப்யூட்டர் வேலையும் அவர் பொறுப்புதான். மறுநாள் தன் விரலாலேயே வாசிமைப் பள்ளிப் பட்டியலிலிருந்து விடுவித்தார்.

ஆகஸ்ட் பிறந்தது. மாரிசெல்வி பள்ளியில் அறுபத்தொன்று. காளிராஜ் பள்ளியில் அறுபது. எழுபது என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கணக்கு. அங்கே கடைசியாக வந்தவர் அவர். பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உள்ளதச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் மாரிசெல்வி.

"எப்படிட்டி சொல்ல? ரெண்டு வருசமா எழுபதுன்னுல்லா சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

முதல் நாள் பஸ்ஸில் கசங்கி வந்தவருக்கு அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தாள்.

"அங்கன எத்தன புள்ளைய?"

காளிராஜ் வாயைத் திறந்தார். மூடினார். சோற்றைப் பிசைந்தார்.

"பதினேழு."

"நெசமாவா?"

"நெசந்தான். வேணும்னா வந்து எண்ணிப் பாத்துக்கோ. ஒண்ணையும் கூட்டிட்டு மட்டும் வந்துராத தாயி."