இழுவை கண்ணை மூடிய நாள்

கயிற்றுப் பட்டறையில் அவளுடைய கணவருக்கு 'இழுவை' என்று பெயர். படகுகளைக் கட்டிவைக்கும் வடங்களை மெஷினில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. வீட்டிலும் கை சும்மா இருக்காது. உட்காருமுன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார், பூட்டிய கதவை மறுபடி மறுபடி இழுப்பார். இப்படி ஒரு மனிதரோடு குப்பை கொட்டுவது லேசா என்ன?

அவள் அதே பட்டறையில் நார்த்தூசி கூட்ட வந்தவள். கூட்டிக்கொண்டே வடம் இணைப்பவர்களின் கைகளைப் பார்ப்பாள். வட நுனியின் பிரிகளை அவிழ்த்து, வளைத்து, வடத்தின் உடம்புக்குள்ளேயே கோத்து இறுக்குவார்கள். முடிச்சே இல்லாமல் வளையம் நிற்கும். அவளுக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டில் துணிக்கொடியை வெட்டி வெட்டி இணைத்துப் பழகினாள். இழுவை விடுவாரா? கொடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். ஆணி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அவர் சோப்புத் தண்ணீர் வாளியில் உட்கார்ந்தார். இணைப்பு மட்டும் அசையவில்லை.

"சூப்பர்வைசர்கிட்ட நானே பேசறேன்," என்றார், ஈர வேட்டியைப் பிழிந்தபடி.

சூப்பர்வைசர் ஒரே நிபந்தனை போட்டார். அவள் இணைத்த வடத்தை மெஷினில் இழுக்க வேண்டும். எந்த வடமும் கடைசியில் அறத்தான் செய்யும். இணைப்பை விட்டு வேறு இடத்தில் அறுந்தால் அவளுக்கு இணைப்பு வேலை. இணைப்பு விட்டுக்கொடுத்தால் பழைய துடைப்பம்.

அன்று பட்டறையே மெஷினைச் சுற்றிய கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கூடிவிட்டது. அவளும் துடைப்பத்தோடு நின்றாள். இழுவை சுவிட்சைப் போட்டார். வடம் விறைத்து, மெலிந்து, முனகியது. மெஷினின் அளவு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதுதான் தாமதம், அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"படகுக்கு இவ்வளவு தாங்கினா போதும். பாஸ்!"

இத்தனை வருஷத்தில் அவர் பாதியில் நிறுத்தியதே இல்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, நாற்காலியக்கூட நம்பாத மனுஷன் நீங்க. என் வடத்துக்கு மட்டும் என்ன சலுகை?"

"இணைப்புல அறுந்துட்டா?"

"அறுந்தாத்தானே தெரியும்? இழுங்க!"

இழுவை கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டார். முனகல் ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு காது அடைக்கும்படி ஒரு சத்தம்.

"என்னாச்சு?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

வடம் நட்டநடுவில் அறுந்து கிடந்தது. இரண்டு முனையிலும் அவள் போட்ட வளையங்கள் கொக்கிகளை விடாமல் பிடித்திருந்தன. பட்டறை கை தட்டிக் கூச்சலிட்டது. அவள் நேராக அவரிடம் போய் அவர் கையில் துடைப்பத்தைத் திணித்தாள்.

"கண்ணைத் திறங்க. நாரெல்லாம் செதறிக் கெடக்கு, கூட்டிடுங்க. எனக்கு இணைப்பு வேலை இருக்கு."

இழுவை வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். ஆனால் கூட்டுமுன், இரண்டு வளையங்களையும் ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.