கூப்பிட்டால் ஓடும் நாய்

மேவிஸ் ஸ்க்ரிம்ஷாவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருடம் பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் நின்றே கால் வீங்கியவள். மிச்ச நேரமெல்லாம் நாய்தான். அதிலும் லர்ச்சர் மட்டும். கிரேஹவுண்டின் காலும் மேய்ப்பு நாயின் மூளையும் சேர்ந்த கலப்பு அது. வேறு எதையும் அவள் நாய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. பஞ்சுபோல் சுருள் முடியுள்ள என் பூடில் நாயைப் பார்க்கும்போதெல்லாம், "உன் குஷன் எப்படி இருக்கு?" என்று கேட்பாள். பதினாறு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், இன்னும் எனக்கு அதற்குக் கோபம் வருகிறது.

இங்கிலாந்தின் கிழக்கே, லிங்கன்ஷயரின் இந்தத் தட்டை நிலத்தில் கோஸ் குருத்து விட்டால் முயல்கள் ஒரே வாரத்தில் வயலை மொட்டையடித்துவிடும். விவசாயிகள் மேவிஸுக்குப் போன் போடுவார்கள். வளை தோண்டும் சின்ன முயலை நாய் விட்டுப் பிடிப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. நெடுங்கால் பெருமுயலை விரட்டினால்தான் கோர்ட்டு, கேஸ். மேவிஸின் தம்பி லென் பத்து வருடத்துக்கு முன் அப்படி ஒருமுறை மாட்டினான். இனி நாய்ப் பட்டையைக் கையால் தொடமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்தான். அவளும் நம்பினாள்.

காப்பகத்திலிருந்து வரும் நாய்களைப் பழக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஓடுகிற லர்ச்சரைக் கூப்பிடக்கூடாது என்பது அவளுடைய முதல் பாடம். முழு வேகத்தில் போகும் நாய், பெயரைக் கேட்டுத் தலையைத் திருப்பினால் அடுத்த நொடி முள்கம்பியில் கழுத்து. முயல் வளைக்குள் புகுந்து நாய் திகைத்து நிற்குமே, அப்போதுதான் கூப்பிட வேண்டும். அதுவும் கல்யாண வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பதுபோல, சத்தமாக, முகம் நிறையச் சிரிப்போடு. வந்ததும் வாயில் ஒரு மத்தி மீன். இப்படிப் பதினொரு நாய்களைத் திருத்தியிருக்கிறாள்.

பன்னிரண்டாவதுதான் ஃபிளின்ட். போன அக்டோபரில் நாற்பது மைல் தள்ளி ஒரு நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தது. காப்பகத்துக்கு வேன் ஓட்டுகிறவள் நான், நான்தான் தூக்கி வந்தேன். ஏழு வயது இருக்கும். விலா எலும்பை எண்ணலாம். பிடரியில் ஒரு வெட்டுக் காயம், சீழ் பிடித்திருந்தது. உடையவன் பெயர் பதிந்த சில்லைத் தோலுக்கடியில் வைத்திருப்பார்களே, அதை யாரோ கத்தியால் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்றார் மருத்துவர். மேவிஸ் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினாள். சர்ச்சில் நடந்த பழம்பொருள் விற்பனையில் லென்னிடமும் சொன்னாள். அவன் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டே, "பாவிங்க அக்கா" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப்பின் லென் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். நாய் முடியால் நெஞ்சு அடைக்கிறதாம். மேவிஸ் சாப்பாட்டை டப்பாவில் போட்டு அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். நாய்க்குட்டிகளோடு ஒரே போர்வையில் படுத்து வளர்ந்தவனுக்கு அறுபது வயதில் திடீரென்று எப்படி நெஞ்சடைப்பு வரும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மண்டையில் களிமண், வேறென்ன சொல்ல.

ஃபிளின்ட் சொன்னதெல்லாம் கேட்டது. உட்காரும், படுக்கும், முயலைக் காயப்படுத்தாமல் உயிரோடு கொண்டுவந்து கையில் வைக்கும். கூப்பிட்டால் மட்டும் ஓடிவிடும். இரண்டு முறை அப்படிப் போய், மணிக்கணக்காகத் தேடிப் பிடித்தோம். இரண்டு முறையும் கிழக்குப் பக்கத்து வாய்க்கால் கரையில்தான் அகப்பட்டது. மூன்றாம் முறை ஓடினால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று காப்பகக் குழு எழுதிவிட்டது. ஓடுகாலி என்று பெயர் வாங்கிய ஏழு வயது நாயை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். கடைசியில் உயிரை எடுக்கும் ஊசிதான். இருக்கும் இடம் தெரியட்டும் என்று கழுத்தில் ஒரு கருவி கட்டிக் கொடுத்தார்கள், என் போனில் புள்ளியாகத் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு காலை, விவசாயி கோல்டிங்கின் வயலுக்குப் போனோம். மறுநாள் அங்கே குட்டி போட்ட ஆடுகளை விடப்போகிறார். ஆட்டைத் துரத்தாமல், கூப்பிட்டால் நாய் வருகிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். முயல் கிளம்பியது, கரையிலிருந்த வளைக்குள் புகுந்தது. நாய் நின்றது. மேவிஸ் இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டே அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாய் அவளைப் பார்த்தது. காதை மடக்கியது. வாய்க்காலுக்குள் இறங்கி, பதுங்கிப் பதுங்கி ஓடியது. அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள், அது இன்னும் வேகமெடுத்தது. போதாக்குறைக்கு நானும் சேர்ந்து கத்தினேன்.

கோல்டிங் திட்டவில்லை. மன்னித்துக்கொள் மேவிஸ், குழுவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

புள்ளியைத் துரத்தி வேனில் போனோம். மூன்று மைல் கிழக்கே, அடுத்த ஊர் எல்லையில், காய்கறி போட வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் போய் நின்றது. கடைசித் துண்டில் ஒரு மரக்கொட்டகை, கதவு திறந்திருந்தது. உள்ளே கவிழ்த்த வாளிமேல் லென் உட்கார்ந்திருந்தான். அவன் பூட்ஸில் தலையை வைத்து ஃபிளின்ட் படுத்திருந்தது. வாலைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வால் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை.

மேவிஸுக்கு முதலில் விளங்கவில்லை. "பிடிச்சு வச்சியா? நல்ல வேளைடா" என்றாள். நான் கீழே பார்த்தேன். நாய் படுத்திருந்த உருளைக்கிழங்குச் சாக்கு அதன் உடம்பு அளவுக்குக் குழிந்து தேய்ந்திருந்தது. ஆணியில் பழைய நாய்ப் பட்டை தொங்கியது. மெல்ல அவளும் பார்த்தாள்.

"இந்தச் சாக்கு யாரோடதுடா?"

"இவனோடதுதான் அக்கா" என்று நாயைத் தொட்டான்.

பிறகு எல்லாம் சொன்னான், தலையைத் தூக்காமல். குட்டியிலிருந்து இந்தக் கொட்டகையில் வளர்த்தானாம். பெருமுயல் வேட்டைக்கு. போலீஸ் வண்டியோ விவசாயி வண்டியோ தெரிந்தால் கூட வேட்டைக்கு வந்த ஆட்கள் தொண்டை கிழிய நாயின் பெயரைக் கூப்பிடுவார்களாம். எந்தப் பெயராக இருந்தாலும் சரி, உரத்த குரல் கேட்டதும் நாய் அப்படியே விட்டுவிட்டு வாய்க்கால் வழியே ஒளிந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். நாயில்லாமல் பிடித்தால் கேஸ் நிற்காது. ஐந்து மாதமாக மேவிஸ் ஆசை ஆசையாகக் கூப்பிட்டதெல்லாம் அதன் காதில், ஆள் வருது, ஓடு என்றுதான் விழுந்திருக்கிறது. போன வருடம் வேட்டையில் யாரோ நாயைப் போட்டோ எடுத்துவிட்டார்கள். லென் பயந்துபோய்த் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட்டான். அது அக்கா வீட்டுக்கே வந்து சேரும் என்று அவன் கனவா கண்டான்.

மேவிஸ் குனிந்து நாயின் பிடரித் தழும்பில் விரலை வைத்தாள்.

"கழுத்து?"

"நான்தான். சில்லுல என் பேரு இருந்துச்சு."

"வெட்டும்போது அவனை யாரு பிடிச்சுக்கிட்டா?"

"யாரும் பிடிக்கல அக்கா. அசையாம இருன்னு சொன்னேன். இருந்தான்."

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மேவிஸின் முகம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. நாய் வாலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"சத்தம் போட்டா போறான். வரணும்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பேசமாட்டேன். முதுகைக் காட்டிட்டு நடப்பேன். பின்னாலயே வந்துருவான்."

அவள் திரும்பி வெளியே நடந்தாள். பத்தடி, இருபதடி. ஃபிளின்ட் பூட்ஸிலிருந்து தலையை எடுக்கவில்லை. திரும்பி வந்தாள்.

"நீ நட. வேன் வரைக்கும்."

அவன் நடந்தான். நாய் அவன் குதிகாலை ஒட்டியே வந்து, அவனோடு வேனின் பின்பக்கம் ஏறிக்கொண்டது. மேவிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்சந்தியில் இடது பக்கம் எங்கள் வீடு. அவள் வலது பக்கம் கை காட்டினாள். அங்கே காவல் நிலையத்தைத் தவிர வேறொன்றுமில்லை. பின்னாலிருந்து லென், "அக்கா" என்றான். அவள் திரும்பவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிவிடுவான் என்று நினைத்தேன், பின்கதவு பூட்டியிருக்கவில்லை. அவன் இறங்கவில்லை.

நிலையத்தில் மேவிஸ் ஃபிளின்ட்டைக் கழுத்து வாரில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு பெண் காவலர் எழுதிக்கொண்டார். உண்மையா என்று லென்னைக் கேட்டார். உண்மைதான் என்றான். நான் வெளியே போய்க் காப்பகக் குழுவுக்குப் போன் பண்ணினேன். நாய் ஏன் ஓடியது என்று தலைவியிடம் சொன்னேன். மேவிஸிடமிருந்து அதை எடுக்கமாட்டோம் என்றாள். ஓடிவந்து மேவிஸிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குள் உள்கதவைத் திறந்து லென்னை வரச் சொன்னார்கள். அவன் எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. முதுகைக் காட்டி உள்ளே நடந்தான்.

ஃபிளின்ட் எழுந்தது. மேவிஸ் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தியபிறகும் அது இழுத்துக்கொண்டே இருந்தது.