கேஸ் ஷீட்டில் நான் எழுதிய 'இல்லை'

1. கட்டிலைச் சுற்றி

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு எங்கள் கேஷுவால்ட்டியில் அந்தக் கட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்றோம். நோயாளியின் மகள் ரேவதி. அவளுடைய தாய்மாமன் குருசாமி. ரேவதியைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர்; ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ரிட்டையர் ஆனவர் என்பதால் எல்லோரும் அவரை ஏட்டையா என்றார்கள். நான்காவது ஆள் நான், டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ்.

இல்லாதவர் நோயாளியின் மனைவி கோதைநாச்சி. புரட்டாசி சனி என்று விடியுமுன்பே திருவண்ணாமலைக்குப் போயிருந்தார். எங்கள் பக்கம் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலைமேல் இருக்கிற பெருமாள். அன்று அங்கே கூட்டம் நெரியும், செல்போன் எடுக்காது.

புதிதாக நர்சிங் முடித்து வார்டுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த நான்கு பேரில் யார் பொய் சொன்னார்கள் என்பது எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. கேள்வியை அந்த இடத்தில், அந்த ஆட்கள் முன்னால் கேட்டது யார் என்பதுதான் முக்கியம். நான்தான் கேட்டேன்.

நோயாளி சீனிவாசகம், வயது நாற்பத்தொன்பது. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரி. முதல் ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீட்டுக்குப் போகும்போது ரோட்டில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்திருந்தார். வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. நெற்றியில் நாமம் கலையவில்லை. சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது.

அட்மிஷன் படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். சுகர் உண்டா? பிரஷர்? ஊசி மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா? தலை நிமிராமலே அடுத்ததையும் கேட்டேன்.

"குடிப்பழக்கம் உண்டா?"

ரேவதி ஏட்டையாவைப் பார்த்தாள். "அப்பாவா? சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

குருசாமி சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

ஏட்டையா சிரித்தார். "சம்பந்தி அந்த வகையறா இல்ல தம்பி. விசாரிக்காமலா பொண்ணு எடுக்கோம்?"

சீனிவாசகம் கண்ணை மூடிக்கொண்டு, "கால் வலிக்குதுய்யா," என்றார்.

'இல்லை' என்று எழுதி அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா தேவதானத்தில் வயல் வேலைக்குப் போனவர், குடித்தே போய்ச் சேர்ந்தவர். வாய்க்கால் கரையில் வேட்டி விலகிக் கிடந்தவரை நானும் அக்காவும் எத்தனையோ முறை தூக்கி வந்திருக்கிறோம். அதனால் குடிகாரன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒரு நாள்கூட ஷிப்ட் தவறாமல் வேலைக்குப் போகிறவர் என் கணக்கில் அந்த ஆள் இல்லை. படித்தவனுடைய பிழை இல்லை இது, மகனுடைய பிழை.

2. நடுக்கம்

ஞாயிறு காலை ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டரும் கேஸ் ஷீட்டைப் புரட்டி, நான் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் முதுகில் ஊசி போட்டார். எலும்பை நேராக்கி பிளேட்டு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிற்பகல் அவருக்குக் காபி கொடுத்தேன். டம்ளர் பல்லில் தட்டிக்கொண்டே இருந்தது. நாடித்துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு. ஏசி ஓடுகிறது, தலையணை நனைந்திருக்கிறது. 'வலியால் நடுக்கம், வியர்வை' என்று எழுதிவிட்டு வலிக்கு ஊசி போட்டேன். அந்த ஊசிக்கு நடுக்கம் அடங்கவில்லை. படுக்கை விரிப்பைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். ஜன்னலை மூடச் சொன்னார், மூடியதும் திறக்கச் சொன்னார்.

கோதைநாச்சி முந்தின நாள் மாலையே வந்துவிட்டார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து புருசனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகும்போதெல்லாம் அவர் வாய் எதையோ சொல்லத் திறக்கும். எதிரே நாற்காலியில் ஏட்டையா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வாய் மூடிக்கொள்ளும்.

வராந்தாவில் குருசாமி என்னை மடக்கினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிடாதீக. மாமாவுக்கு ஒரு கட்டிங் உள்ள போனா கை ஆடாது. மருந்து மாதிரி... டானிக்கு பாட்டில்ல ஊத்திக் கொண்டாரவா?"

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "என்னண்ணே பேசுதீங்க? இது ஆஸ்பத்திரியா, பாரா? காலையில ஆபரேஷன் முடிஞ்ச ஆளுக்குச் சரக்கு வாங்கிக் குடுக்கணும்னு தோணுதே உங்களுக்கு!"

"கத்தாதீக சார், ஏட்டையா காதுல விழுந்துரும்."

"விழட்டும். உங்கள மாதிரி ஆளுகதான் ஒண்ணும் தெரியாத மனுசனையும் கெடுக்கீக."

குருசாமி, "ஒண்ணும் தெரியாத மனுசன்," என்று நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

நோயைக் கையில் எழுதிக் கொடுத்தது போல அந்த ஆள் சொல்லிவிட்டார். நான் ஐந்து நிமிடம் குடியின் கேடு பற்றி அவருக்கே பாடம் நடத்தினேன்.

3. பதினாலாம் நம்பர் மிஷின்

திங்கள் காலை பத்து மணி. சீனிவாசகம் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். இடது கையால் ஒன்றைத் தூக்கி, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி, மேலே கொண்டுபோய் ஒட்டி, விட்டார். உடனே அடுத்தது. கண் எங்களைப் பார்க்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஏலே, பதினாலாம் நம்பர்ல சைடு பூரா நூல் அறுந்து ஓடுது. ஒருத்தனுக்கும் கண்ணு தெரியலையா? பஞ்சு பஞ்சா பறக்குது பாரு!"

"அப்பா, ஆஸ்பத்திரிப்பா இது," என்று ரேவதி அழுதாள்.

"நீ எதுக்குத்தா உள்ள வந்த? மிஷின் ஓடுது, தாவணி மாட்டிரும்." ரேவதி சுடிதார் போட்டிருந்தாள்.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். தொடை எலும்பு உடைந்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் கொழுப்புத் துளி ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போவது உண்டு. ஆள் இப்படிப் பிதற்றுவான், காய்ச்சலும் வரும். அவருக்கு முதலில் தோன்றியது அதுதான். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் தொண்ணூற்றேழு இருந்தது.

"மூச்சு நல்லாத்தானே இருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இருந்தாலும் ரிஸ்க் வேண்டாம். மதுரைக்கு ஷிப்ட் பண்ணிருவோம். ஆம்புலன்ஸ் சொல்லு. இவருக்கு வேற எதுவும் இல்லியே? ஹிஸ்டரி?"

"கிளியர் சார்," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு அந்தக் கை புரிந்தது. என் அக்கா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். அவள் சம்பளத்தில்தான் நான் நர்சிங் படித்தேன். நூல் அறுந்தால் எப்படி ஒட்டுவது என்று டிவி பார்த்துக்கொண்டே வெறும் கையால் எனக்குச் செய்து காட்டுவாள். அதே கிள்ளல், அதே தூக்கல். சீனிவாசகம் பைத்தியக்காரத்தனமாக எதையும் செய்யவில்லை. ஒரு இழை விடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்சிங் மூன்றாம் வருடம் மனநல வார்டில் போஸ்டிங் போட்டபோது ஒரு சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தப்பட்டால் இரண்டு மூன்று நாளில் மூளை தறிகெட்டு ஓடும். டிரைவர் என்றால் ஸ்டீயரிங் பிடிப்பான், தையல்காரர் துணி தைப்பார். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதற்கு முன்னால் வருகிற அறிவிப்பு. அந்த அறிவிப்பை நான் ஞாயிற்றுக்கிழமை என் கையெழுத்தில் எழுதியிருந்தேன், பக்கத்தில் 'வலியால்' என்று சேர்த்து.

4. டிரஸ்ஸிங் ரூம்

"ஏட்டையா, செத்த நேரம் அவரைப் பிடிச்சுக்கோங்க. ரேவதி, அந்தப் பக்கம் நில்லு," என்று சொல்லிவிட்டு, கோதைநாச்சியை டிரஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, குடிப்பாரான்னு நான் கேக்கல. தெனமும் எம்புட்டுக் குடிப்பாரு? கடைசியா எப்பக் குடிச்சாரு? அது மட்டும் சொல்லுங்க."

அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"ஏட்டையாவுக்குத் தெரிய விடமாட்டேன்க்கா. டாக்டருக்கு மட்டும் சொல்லுவேன். இல்லேன்னா ஆள் தங்க மாட்டாரு."

"அவிய ஒருத்தரையும் ஏசினதில்ல தம்பி. தெருவுல விழுந்து கெடந்ததில்ல. சம்பளத்த அப்படியே கையில குடுத்துருவாவ."

"சரிக்கா. எம்புட்டு?"

"ஒரு குவாட்டரு. ஷிப்டு முடிஞ்சு வந்து, குளிச்சிட்டு, கதவச் சாத்திக்கிட்டு. ஞாயித்துக்கிழம ரெண்டு. ரேவதி ஒண்ணாம் வகுப்புப் படிக்கையில இருந்து." ரேவதி அப்போது எம்.காம். முடித்திருந்தாள். "கடைசியா வெள்ளிக்கெழம சாயங்காலம். நேத்தே சொல்லிருப்பேன் தம்பி. எங்க மக வாழ்க்கை அந்த நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்குதே, நான் என்ன செய்ய?"

அப்போதுதான் வார்டில் குளுக்கோஸ் ஸ்டாண்டு விழுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் ஓடியபோது சீனிவாசகம் தரையில் இருந்தார். ஏட்டையாவின் பிடியை உதறிவிட்டு, பதினாலாம் நம்பர் மிஷினை நிறுத்தக் கட்டிலிலிருந்து இறங்கி, ஆபரேஷன் செய்த காலை ஊன்றி, இரண்டு எட்டு நடந்திருக்கிறார். வலி தெரியவில்லை. தரையில் கிடந்தபடியும் விரல் கிள்ளிக்கொண்டிருந்தது. தொடை ஒரு பக்கம் வளைந்திருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "லோராசிபாம் எடு. தயமின் எடு. மூணு நாளா வெறும் குளுக்கோஸா ஓட்டிக்கிட்டு இருக்கோம்?" என்றார். குடிக்கிறவர் உடம்பில் தயமின் சத்து வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஊசி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஓய்ந்தன. அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரை ஐசியூவுக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன்.

யாரும் சொல்லாமலே ஏட்டையாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கதவுப் பக்கம் நின்று கோதைநாச்சியிடம், "இதைச் சொல்லுததுக்கா மூணு நாளு? ஆளு போயிருந்தா நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நானும் முப்பத்தஞ்சு வருசம் வாய ஊதச் சொல்லிக் கேஸு போட்டவன்தான். பக்கத்துலயே உக்காந்திருந்தேன், தெரியலையேய்யா."

5. பிறகு

ஏழு நாள் ஐசியூ. எட்டாம் நாள் மகளை அடையாளம் கண்டுகொண்டார். திரும்ப எங்களிடம் வந்து இரண்டாவது ஆபரேஷன். பழைய பிளேட்டை எடுத்துவிட்டுப் பெரியதாக வைத்தார்கள். கட்டுப் பிரிக்கும் நாளில் சீனிவாசகம் என்னிடம் கேட்டார்.

"தம்பி, ஒளிக்காம சொல்லணும். நான் குடிகாரனா?"

"உங்க உடம்பு அதுக்குப் பழகிட்டுது அண்ணாச்சி. இது ஒரு நோய். சுகர், பிரஷர் மாதிரி வைத்தியம் பாக்கணும்."

"விழுந்து கெடந்ததே இல்லியே நான்."

"விழுந்து கெடக்கவன் மட்டுந்தான்னு நானும் நெனச்சேன்."

அவர் சிரித்தார். "நல்லா இருக்குய்யா கதை. பதினெட்டு வருசம் குடிச்சேன், ஒண்ணும் ஆகல. மூணு நாளு விட்டேன், பைத்தியம் பிடிச்சிட்டு. அப்ப விட்டதுதான் தப்பா?"

"விட்டது தப்பில்ல. டாக்டருக்குத் தெரியாம ஒரேயடியா விட்டதுதான் தப்பு. மருந்து குடுத்து, பக்கத்துல ஆள் இருந்து விடணும்."

இப்போது மாதம் ஒருமுறை மனநல டாக்டரிடம் போகிறார். நடுவில் ஒரு முறை குடித்துவிட்டு, தானே போய்ச் சொன்னாராம். தையில் வைத்திருந்த கல்யாணம் தள்ளிப்போய் வைகாசியில் நடந்தது, ஏட்டையா பின்வாங்கவில்லை. ஆனால் வலது கால் குட்டையாகிப்போனதால் சீனிவாசகத்தால் எட்டு மணி நேரம் மிஷின் ஓரம் நிற்க முடியாது. மில் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார், சம்பளம் பாதி.

புதியவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். உறவை வெளியே அனுப்புங்கள். நோயாளியிடம் தனியாக, கூட வாழ்கிறவரிடம் தனியாகக் கேளுங்கள். 'உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும்; 'எவ்வளவு, கடைசியாக எப்போது' என்று கேளுங்கள். சட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கை நடுங்கினால் மறுபடி கேளுங்கள். டிரஸ்ஸிங் ரூமில் எனக்கு அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசி டிஸ்சார்ஜ் அன்று பில் கவுண்டரில் ரேவதி கூட நானும் நின்றேன். மேஸ்திரி சம்பளம் வரம்பைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. முதல் ஆபரேஷனோடு நல்லபடியாகப் போயிருந்தால் தொண்ணூறாயிரத்தில் முடிந்திருக்கும். ஐசியூ, ஆம்புலன்ஸ், இரண்டாவது ஆபரேஷன் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆனது மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரம் ரூபாய், வலது காலில் முக்கால் அங்குலம்.