சமையலறையில் மாட்டிய போர்டு

அரசுக் காட்டின் சோதனைச்சாவடிக்கு அரை மைல் முன்னால், சாலையோரமாக ஐந்து மரக்குடில்கள் இருக்கின்றன. பக்கத்துச் சரிவில் எட்டுக் கூடாரம் போடுகிற அளவுக்கு நிலத்தை மட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். இவற்றை வாடகைக்கு விடுகிறவரை அங்கே எல்லோரும் போர்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வரி ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மனிதருக்கு யாரிடமும் முகத்துக்கு நேரே ஒரு குறை சொல்ல வராது. தொழில் தொடங்கிய வருடம் ஒருவர் ஈரக் காலுறையை அடுப்புக் குழாய்மேல் காயப்போட்டுக் குடில் முழுக்கப் புகையாக்கிவிட்டார். நம்மவர் வாசலில் நின்று இருமிக்கொண்டே, "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்று சிரித்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய் ஒரு பலகையும் பெயின்ட்டும் எடுத்தார். 'அடுப்பின் மேல் காலுறை காயவைக்காதீர்கள்.' பெயின்ட் காய்வதற்குள் காலுறைக்காரர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய போர்டுகள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தப்புப் பண்ணியவர் போய்விடுவார், அடுத்து வருகிற அப்பாவி திட்டு வாங்கிக்கொள்வார்.

அந்த உயரத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு இரைக்கும். குடிலில் காற்றே இல்லை என்று ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தார். 'இது மலை. மூச்சு வாங்கும். குடிலின் குறை அல்ல' என்று மறுநாள் போர்டு வந்தது. மேகம் மறைத்த சூரியோதயத்துக்காக ஒருவர் வாடகையைத் திருப்பிக் கேட்டார். 'சூரியன் எங்கள் பொறுப்பில் இல்லை' என்று எழுதி வைத்தார். ஓடையின் நடுவில் கூடாரம் போட்டு நனைந்தவர்களால், 'இது ஓடை. இப்போது தண்ணீர் இல்லாதது தற்செயல்.' விசிலடித்துக் கரடியைக் கூப்பிட்ட புண்ணியவானால், 'கரடி தானாகவே வரும். அழைக்க வேண்டாம்.' இப்படியே முப்பத்தேழு ஆயிற்று. காட்டைப் பார்க்க வந்தவர்கள் போர்டுகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

போர்டு எழுதுவது தவிர மற்ற வேலையையெல்லாம் செய்தது அவர் மனைவி. விரிப்பு துவைப்பது, அடுப்பு மூட்டுவது, கணப்புக்கு விறகு அடுக்குவது, அழுகிற குழந்தைக்கு வயிற்றுவலி மருந்து தேடுவது எல்லாம் அவள்தான். அவளுக்கு வாய் உண்டு. சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிட்டு அங்கேயே மறந்துவிடுவாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குடில்களுக்கு வெந்நீர் போட அண்டாக்களை இறக்குவாள். அந்தச் சத்தத்தில் போர்டுக்காரரின் தூக்கம் போய்விடும். இருபத்தாறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. அவரும் இருபத்தாறு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அவள் கண் விழித்துச் சமையலறைக்குப் போனால், அண்டா வைக்கிற மேடைக்கு மேலே முப்பத்தெட்டாவது போர்டு மாட்டியிருந்தது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. 'பாத்திரங்களை ஓசைப்படாமல் வைக்கவும்.'

அன்று பாத்திரம் ஓசைப்படவே இல்லை. அவள் வெந்நீரும் போடவில்லை. ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு, கீழே போகிற பால் வண்டியில் ஏறி, அடிவாரத்து ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போர்டுக்காரர் எட்டு மணிவரை நிம்மதியாகத் தூங்கினார். மூன்று குடில்காரர்கள் சேர்ந்து கதவைத் தட்டியபோதுதான் விழித்தார். குளித்தால் வெந்நீரில்தான் குளிப்போம் என்று அவர்கள் தோளில் துண்டோடு நின்றார்கள்.

அடுத்த நாளும் எட்டு மணி. அதற்கடுத்த நாள் அலாரம் வைத்தார். அதை அணைத்துவிட்டுத் தூங்கினார். அந்த அண்டாச் சத்தம்தான் இத்தனை வருடமாகத் தன்னை எழுப்பி விறகு பிளக்க அனுப்பியது என்பது மெல்ல உறைத்தது. சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது, ஐந்து குடிலும் நிறைந்துவிடும். அந்தக் கவலை இரண்டாவதுதான். அவள் திரும்பி வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் முதலாவது.

போனில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறைமேல் மட்டும்தான் கிடைக்கும். மூச்சிரைக்க ஏறிக் கூப்பிட்டார். மைத்துனர் எடுத்தார்.

"மச்சான், அவ இருக்காளா?"

"இருக்கா மாப்ள. பேச மாட்டாளாம். ஏதாவது சொல்லணும்னா போர்டுல எழுதி அனுப்பச் சொல்றா."

மைத்துனர் கிண்டலாகச் சொன்னதை நம்மவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் உட்கார்ந்து, நல்ல பலகையாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு பூச்சு பெயின்ட் அடித்து எழுதினார். வெள்ளிக்கிழமை காலை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பால் வண்டியில் மலை இறங்கினார். வளைவுகளில் வண்டி சாய்ந்தபோதெல்லாம் போர்டை ஓட்டுநர் படித்தார்.  அடிவாரத்தில் இறக்கிவிடும்போது, "நல்லபடியா முடியட்டும்ணே" என்று மட்டும் சொன்னார்.

மைத்துனர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, போர்டை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்தது அவள்தான். மெதுவாகப் படித்தாள்.

'தவறு நேர்ந்துவிட்டது. வருந்துகிறோம். இப்படிக்கு, நிர்வாகம்.'

"எந்த நிர்வாகம்?" என்று கேட்டாள்.

அவர் போர்டைத் திருப்பித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"போர்டெல்லாம் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவங்களுக்கு. நான் என்ன வாடகைக்கா வந்திருக்கேன்? இருபத்தாறு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு வார்த்தை திரும்பிப் படுத்துச் சொல்ல முடியல உங்களுக்கு?"

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அது வரை அவள் கோபித்துத்தான் அவர் பார்த்திருக்கிறார். போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் நிற்பது மிகவும் கஷ்டமாக இருந்தது.

"சொன்னா நீ வருத்தப்படுவியோன்னு..."

"எழுதினா சந்தோஷப்படுவேனா?" என்றாள் அவள். "சரி. அன்னைக்குச் சமையலறையில எழுதி மாட்டினீங்களே, அதை இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

உள்ளே மைத்துனர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். போர்டுக்காரருக்கு வியர்த்தது. மலையே ஏறியவர்போல மூச்சு வாங்கியது. அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார், சாய்த்து வைத்த போர்டைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாத்திரத்தை... கொஞ்சம்... மெதுவா வைக்கிறியா?"

"முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துவர உள்ளே போனாள். செவ்வாய்க்கிழமையிலிருந்தே அது கட்டித் தயாராக இருந்தது.