திருத்தணியில் கட்டிய இத்தாலி அடுப்பங்கரை

போன மாதம் அயன்புரத்திலிருந்து ஒரு நண்பர் வந்தார். "உன் தங்கச்சி வீட்டில் இத்தாலிக்காரர் மாதிரி அடுப்பங்கரை கட்டினாயாமே, அதைப் போய்ப் பார்க்க வேண்டும், வழி சொல்" என்றார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கட்டுவதற்காக 1946 ஆனி மாதத்தில் ஒருமுறை போனேன். இந்த வருஷம் மாசியில் இன்னொரு முறை போனேன். இரண்டு பயணத்தையும் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகப்படும்.

முதலில் என்னைப் பற்றி. நான் கொத்தனார். யுத்தத்தில் பட்டாளத்தோடு பாலம் கட்டவும் ரோடு போடவும் இத்தாலி வரை போய் வந்தவன். அங்கே ஒரு குளிர்காலத்தில், கடல் தெரிகிற மலைக்கிராமம் ஒன்றில் எங்கள் ஆறு பேரை ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். அந்த வீட்டுச் சமையலறையில்தான் என் புத்தி கெட்டுப்போனது. கருங்கல்லால் இடுப்பு உயரத்துக்கு அடுப்பு மேடை. அதன்மேல் கவிழ்த்துவைத்த புனல் மாதிரி ஒரு கூண்டு, குறுகிக் குறுகிக் கூரையைத் தாண்டிப் போகிறது. தரையில் சிவப்பு ஓடு. சுவர் நாலும் சுண்ணாம்பு வெள்ளை. நீல வர்ணம் அடித்த ஜன்னல். உத்தரத்தில் வெங்காயச் சரமும் பூண்டுச் சரமும் தொங்கும். அந்த வீட்டுக்காரி நிமிர்ந்து நின்று சமைத்தாள். கண்ணில் தண்ணீர் வராமல் ஒரு பெண்பிள்ளை அடுப்பு ஊதுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உடனே எனக்கு செங்கம்மா ஞாபகம் வந்தது. அவள் என் ஒரே தங்கை. திருத்தணியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஜன்னல் இல்லாத இருட்டு மூலையில் குனிந்து குனிந்து சமைத்தே அவளுக்கு நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "புகையில் இருந்தால் இந்த மருந்தால் பிரயோஜனமில்லை" என்று சொன்னதாகக் கடுதாசி வந்திருந்தது. நான் அந்த இத்தாலி அடுப்பைச் சாணும் முழமுமாக அளந்து, சம்பளப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக்கொண்டேன். உயிரோடு ஊருக்குப் போனால் அவளுக்கு இதைக் கட்டிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இனிப் பயணம். சென்ட்ரலில் காலை ஆறு இருபதுக்கு ஒரு பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் இரண்டணா, ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் கூட. அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும், அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பத்து மணி சுமாருக்குத் திருத்தணியில் இறங்கினேன். பஸ்ஸை நம்பாதீர்கள். பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுகிற பஸ், மேடு வந்தால் காசு கொடுத்தவனே இறங்கித் தள்ள வேண்டும். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நிற்கும். என் தங்கை வீடு ஆர்.கே.பேட்டை சாலையில் ஒன்றரை மைல், ஆறணா கேட்டான், கொடுத்தேன். என்னிடம் மூர் மார்க்கெட்டில் வாங்கிய நீல வர்ண டப்பா இரண்டும், கரணை மட்டப்பலகை எல்லாம் போட்ட கோணிப்பையும் இருந்தன.

வேலை பத்தொன்பது நாள் பிடித்தது. சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும், ஆகையால் அந்தப் பேச்சே வேண்டாம். சுண்ணாம்பும் மணலும் போதும், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்தால் கல்லாகப் பிடிக்கும். மேடைக்குக் கல் மலைக்குப் பின்பக்கம் உடைக்கிறார்கள், மாட்டுவண்டியில் கொண்டுவந்து போடுவார்கள். சிவப்பு ஓடு கிடைக்கவில்லை, செங்கல்லைத் தேய்த்துப் பாவினேன். இடம் இல்லாததால் பழைய அடுப்பங்கரையை முதல் நாளே இடித்துத் தள்ளிவிட்டேன். நானே கடப்பாரை போட்டேன், ரொம்ப சந்தோஷமாகப் போட்டேன்.

வெள்ளைதான் எனக்குப் பெருமை. சாதாரணமாக அடிக்கிற வெள்ளை இல்லை. சன்னச் சுண்ணாம்பை வடிகட்டி மூன்று பூச்சுப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கினேன். எட்டு நாள் அதற்கே போனது. தெருவே வந்து பார்த்தது. "இன்னாடி செங்கம்மா, தொரசானி மாதிரி நின்னுகினுதான் சமைக்கப் போறியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது.

கடைசி நாள் காலையில் பால் காய்ச்சினோம். கூடம் நிறைய ஆட்கள். விறகு கொஞ்சம் ஈரம், வெளியே ஆனி மாதக் காற்று வேறு. புகை ஒரு நிமிஷம் கூண்டுக்குள் போகாமல் திரும்பி வந்தது. அடுப்புக்கு மேலே வெள்ளைச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கரி ஏறிவிட்டது.

நான் கோபக்காரன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் செங்கம்மாவைப் பார்த்து, "கண்ண எங்க வெச்சிருந்த நீ? ஈர வெறக வெப்பாங்களா? எட்டு நாளு தேச்ச சொவர ஒரு நிமிசத்துல பாழாக்கிட்டியே" என்று கத்தினேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அன்று சாயங்காலமே சுரண்டி, மறுபடி பூசி, தேய்த்து, பழையபடி ஆக்கிவிட்டேன். மறுநாள் ரயிலேறும்போது, "கெடாம பாத்துக்கோ" என்றேன். "ஆங், பாத்துக்கறேண்ணா" என்றாள். கோபத்தை அன்றைக்கே மறந்துவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தான், கத்திவிட்டு மறந்துவிடுவேன்.

பட்டணம் வந்தபிறகு மாதம் ஒரு கார்டு போட்டேன். செங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை முனுசாமி பதில் எழுதுவார். "சமையலறை நீங்கள் வைத்துவிட்டுப் போனபடியே இருக்கிறது, கரி ஒரு பொட்டுக்கூட இல்லை." ஒவ்வொரு கார்டிலும் இந்த வரி இருக்கும். அதை அக்கம்பக்கத்தில் படித்துக் காட்டினேன். புகைக்கூண்டு எப்படி இழுக்கிறது பாருங்கள் என்று மார்தட்டிக்கொண்டேன்.

மாசியில் வந்த கார்டில் அந்த வரி இல்லை. "செங்கம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வரவும்" என்று மட்டும் இருந்தது. அதே ஆறு இருபது வண்டி. அன்றைக்கென்று அரக்கோணத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்திப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குத் திருத்தணியில் இறங்கினேன். ஜட்காக்காரர் என்னைப் பார்த்ததும், "அந்த வெள்ளக்கார அடுப்பு ஊட்டுக்குத்தானங்க?" என்றார். "திருத்தணிக்கு சாமி பாக்க வர்றவங்ககூட அத்த வந்து பாத்துட்டுப் போறாங்க. அம்மையார்குப்பத்துலருந்து தறிக்காரங்க ஒரு வண்டி கட்டிகினு வந்தாங்க. அந்தம்மா அம்மாம் சுத்தமா வெச்சிகினு இருக்குது." அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அடுப்பங்கரைதான். நான் விட்டுப்போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. வெள்ளை வெளேரென்று சுவர், நீல ஜன்னல், உத்தரத்தில் வெங்காயச் சரம். மேடைமேல் கோலம் போட்டிருந்தது. அடுப்பு வாய்க்குள்ளும் கோலம். கையை வைத்தேன், கல் சில்லென்று இருந்தது. கூண்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

"சமையல் எங்க?" என்று கேட்டேன். முனுசாமி கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். பின்சுவரை ஒட்டி ஓலையில் ஒரு சாய்ப்பு. என் இடுப்பு உயரம்கூட இல்லை, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே மூன்று கல். ஓலையெல்லாம் தார் பூசினதுபோல் கறுத்துக் கிடந்தது. எட்டு மாதம், ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் சேர்த்து, ஈர விறகோடு அவள் அதற்குள் உட்கார்ந்து சமைத்திருக்கிறாள். நான் இடித்த பழைய அடுப்பங்கரை அதற்கு எத்தனையோ மேல். அதிலாவது நிமிர்ந்து உட்காரலாம்.

"நா எவ்வளவோ சொன்னேன் பாவா" என்றார் முனுசாமி. "கேக்கல. அண்ணன் வந்து பாக்கசொல்ல கருப்பா இருந்தா மனசு கஷ்டப்படும்னுச்சி. கார்டுல இத்த எழுதக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சி."

செங்கம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறதாம். எலும்பும் தோலுமாக இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா இப்பிடி பண்ண?" என்றேன்.

"கரி புடிக்கும்ண்ணா" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "நீ எட்டு நாளு தேச்சது. நீ பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போன."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எழுந்துபோய் மேடைமேல் இருந்த கோலத்தைக் கையாலேயே அழித்தேன். விறகு கொண்டுவந்து அடுப்பை மூட்டினேன். நொய் போட்டுக் கஞ்சி வைத்தேன். முனுசாமி அவளைப் பாயோடு இழுத்துவந்து அடுப்பங்கரை வாசலில் சாய்த்து உட்கார வைத்தார். புகை கூண்டுக்குள் நேராக ஏறிப் போனது. ஆனாலும் எந்த அடுப்பானாலும் கொஞ்சம் கரி பிடிக்கத்தானே செய்யும். சுவரில் கறுப்பு மெல்ல ஏறியது. அவள் பதறி, "அண்ணா, சொவரு" என்றாள். "போவட்டும்மா" என்றேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பொக கண்ணுக்கே வரலண்ணா" என்றாள். நாலு வாய் கஞ்சி குடித்தாள்.

அதன்பிறகு ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பது நாளும் நான்தான் அந்த அடுப்பில் சமைத்தேன்.

மலைக்கு இந்த முறை நான் போகவில்லை. நீங்கள் போவதானால் முந்நூற்று அறுபத்தைந்து படி, வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். ஆடிக் கிருத்திகைச் சமயத்தில் ஜட்காவும் கிடைக்காது, கல் ஏற்றிவர வண்டியும் கிடைக்காது, அந்த மாதம் வேண்டாம். சுண்ணாம்பை வாங்கின அன்றே பூசாதீர்கள், பத்து நாள் ஊறட்டும். மேடை உயரத்தை என் கணக்கில் வைக்காதீர்கள், சமைக்கிறவளை நிற்க வைத்து அவள் இடுப்புக்கு அளந்துகொள்ளுங்கள். புதுசு நன்றாகப் புழங்குகிறவரை பழைய அடுப்பங்கரையை இடிக்காதீர்கள். முனுசாமி வீட்டை யார் கேட்டாலும் காட்டுவார்கள், போய்ப் பாருங்கள். அடுப்புக்கு மேலே சுவர் இப்போது கறுப்பாக இருக்கும். அதை யாரும் வெள்ளை அடிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் யாருக்காவது கட்டிக்கொடுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை பூசாதீர்கள். பூசித்தான் ஆக வேண்டுமென்றால், நீங்களே முதல் விறகை வைத்து, நன்றாகக் கரி ஏற்றி, சமைக்கிறவள் அதைப் பார்த்த பிறகு ஊருக்குக் கிளம்புங்கள்.